தண்ணீர் அவள் கணக்கு

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அத்தனை மணி நேரமும் வேலை பார்க்கும். அது நின்றுபோன உடம்புக்கு வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் போடுகிறார்கள். ஆக மெஷினின் பங்கு 12 மணி நேரம். மீதி 156 மணி நேரத்தில் சேர்கிற உப்பும் தண்ணீரும் கழிவும் போகப் போதிய வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். எவ்வளவு சேரும் என்பது பெரும்பாலும் அடுப்படியில் முடிவாகிறது. என் மனைவிக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டு அடுப்படி என் பொறுப்பு.

கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். வெந்நீர் வைக்கத் தெரியும், மற்றதெல்லாம் டயாலிசிஸ் ஹாலுக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் படித்தது. அங்கே காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவனுக்காகவோ மகனுக்காகவோ சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். மனைவிக்காக வந்து உட்காரும் ஆண்கள் ரொம்பக் கொஞ்சம். அதனாலேயே அந்தப் பெண்களுக்கு என்மேல் ஓர் இரக்கம். “அண்ணே, உருளைக்கிழங்கு வேணும்னா தோலைச் சீவி, பொடிசா நறுக்கி தண்ணியில ஊறப்போடுங்க. அப்புறம் நிறையத் தண்ணி விட்டு வேகவச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிருங்க” என்று ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தார். பொட்டாசியம் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. ஆனால் பாடம் முழுவதும் பொட்டாசியத்தைப் பற்றியதுதான்.

நம் வீடுகளில் அன்பு என்றால் கொடுப்பது. வாசலில் வந்து நிற்பவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். இலையில் உட்கார்ந்தவர் போதும் என்று கையை மறித்தாலும் இன்னும் ஒரு கரண்டி. உடம்புக்கு முடியவில்லை என்றால் இளநீர், சாத்துக்குடி, வாழைப்பழம். என் மனைவி அப்படிக் கொடுத்தே பழகியவள். டயாலிசிஸ் வந்த வீட்டில் இந்தப் பட்டியல் அப்படியே தலைகீழாகிவிடுகிறது. ஒரு டம்ளர் இளநீரில் 500 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கும். அதை வெளியேற்ற வழியில்லாத உடம்பில் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடம் புரளலாம். பெரிதாக எந்த அறிகுறியும் காட்டாமலே அது நடக்கும் என்பதுதான் பயம். முருங்கைக்கீரையும் தக்காளியும் கொய்யாவும் சந்தேகப் பட்டியலுக்குப் போய்விட்டன. காய் வேகவைத்த தண்ணீரைக்கூட வீணாக்காமல் ரசத்தில் சேர்த்த கை அவளுடையது. அதே தண்ணீரை நான் தொட்டியில் கொட்டும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

விதிகளும் பாதியில் மாறுகின்றன. மெஷினுக்குப் போகும் முன்பு பருப்பைக் குறை, முட்டையைக் குறை என்று சொல்லி வந்தார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்த உடனே, முட்டையின் வெள்ளைக்கரு தினமும் சாப்பிடுங்கள் என்கிறார்கள். இரத்தத்தைச் சுத்தம் செய்யும்போது கழிவோடு கொஞ்சம் புரதச் சத்தும் போய்விடுகிறது; அதை ஈடுகட்டாவிட்டால் சதை கரையும். பயந்து பயந்து சாப்பிட்டவளைத் திடீரென்று பயப்படாமல் சாப்பிடு என்றால் எப்படி? “ஏங்க, இது நேத்து வரைக்கும் விஷம்னு சொன்னீங்களே” என்று முட்டையை உருட்டிப் பார்த்தாள்.

எல்லாவற்றிலும் பெரியது தண்ணீர். முந்தின நாள் எவ்வளவு சிறுநீர் போனதோ, அதோடு அரை லிட்டர் சேர்த்துக் குடிக்கலாம் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. அவளுக்கு அது முக்கால் லிட்டர் சுமாருக்கு வந்து நின்றது. காபி, ரசம், மோர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். டயாலிசிஸ் ஆரம்பித்ததோ பங்குனி வெயிலில். அடுத்து சித்திரை, அதன் பின் அக்னி நட்சத்திரம். திருச்சியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மெஷின் வழியாக நிமிடத்துக்கு அரை லிட்டர் கரைசல் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் என்று நான் ஒருநாள் கணக்குப் போட்டுச் சொன்னேன். “அவ்வளவு தண்ணி என் பக்கத்துலயே ஓடுது, ஒரு மடக்கு குடிக்க ஆளுக்கு ஆள் கண்ணை உருட்டுறீங்க” என்று சிரித்தாள். அந்த ஆளுக்கு ஆளில் நானும் உண்டு.

ஹாலுக்குள் போனதும் எடை பார்ப்பார்கள். உடம்பில் உபரித் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடைக்கு டிரை வெயிட் என்று பெயர். அதற்கு மேல் ஏறியிருப்பதெல்லாம் தண்ணீர்தான். “இன்னைக்கு எவ்வளவு ஏறியிருக்கும்மா?” என்று டெக்னீஷியன் தம்பி கேட்டுக்கொண்டே என்னைப் பார்ப்பார். நிறைய ஏறியிருந்தால் அந்த நான்கு மணி நேரத்துக்குள் நிறைய எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது ரத்த அழுத்தம் விழும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், வீடு வந்து சேர்ந்த பிறகு பேசக்கூடத் தெம்பு இருக்காது. சனி ஞாயிறு இரண்டு நாள் சேர்ந்து இடைவெளி விழுவதால் திங்கட்கிழமை எடை எப்போதும் கூடுதல். கல்யாண முகூர்த்தங்களும் ஞாயிறாகப் பார்த்து வந்து தொலைக்கின்றன.

தண்ணீரை மட்டும் பூட்டி வைத்துப் பயனில்லை என்பதை அந்தப் பெஞ்சில்தான் கற்றேன். உப்பு உள்ளே போனால் நாக்கு தண்ணீரைக் கேட்கத்தான் செய்யும். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் இவற்றை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் மறுப்பது கொடுமை. உப்பைக் குறைத்துவிட்டு எலுமிச்சை, மிளகு, சீரகம் என்று ருசிக்கு வேறு வழி பார்த்தால் தாகம் பாதியாகிறது. ஆனால் கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்கிவிடக் கூடாது. சோடியத்தின் இடத்தில் அதில் பொட்டாசியம் இருக்கும். இந்துப்பும் உப்புதான், அதற்குத் தனிச் சலுகை கிடையாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு கணவன் மனைவி உறவுக்கு ஒரு புதுச் சிக்கல் வருகிறது. ஒருவர் காவல், ஒருவர் கைதி. குளிர்சாதனப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டால் காவல் எழுந்து பார்க்கிறது. பெஞ்சில் பழகிய எல்லா வீடுகளிலும் இந்தக் கதை உண்டு. ஒரு பெண் சொன்னார்: “அவரு குளிக்கப் போனாக்கூட எனக்குச் சந்தேகமா இருக்குங்கண்ணே, ஷவர் தண்ணியக் குடிச்சிருவாரோன்னு.” எல்லாரும் சிரித்தோம். யாரும் மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் இதற்கு முடிவு கட்டியது அவள்தான். “ஊசி அவங்க குத்துற இடத்துல, நேரம் அவங்க சொல்ற நேரம், சாப்பாடு நீங்க போடுறது. இந்தத் தண்ணியாவது என் கணக்குல இருக்கட்டுமே” என்றாள். அன்றிலிருந்து காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய தண்ணீரை நிரப்பி அவளிடம் கொடுத்துவிடுகிறேன். காபிக்கும் மோருக்கும் உரியதைக் கழித்துக்கொண்டு நிரப்புவதோடு என் வேலை முடிந்தது. மத்தியானமே பாதியைக் குடித்துத் தீர்க்கிறாளா, இரவு மாத்திரைக்கு மிச்சம் வைக்கிறாளா, ஐஸ் கட்டியாக்கி வாயில் ஒதுக்கிக்கொள்கிறாளா என்பதெல்லாம் அவள் பாடு. பாட்டிலைப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம். திங்கட்கிழமை எடை முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். குறையாவிட்டாலும் பாட்டிலைத் திரும்ப வாங்கியிருக்க மாட்டேன் என்பதையும்.

ஏனென்றால் இந்த நோய் எடுத்துக்கொள்வது சிறுநீரகத்தை மட்டும் இல்லை. அவளுடைய இடது கையில் பிஸ்டுலா போட்டிருக்கிறார்கள்; தமனியையும் சிரையையும் ஒட்டவைத்து, ஊசி ஏற்றுவதற்கு ஏற்ற தடித்த இரத்தக் குழாயாக ஆக்குகிற சிறு அறுவை. இந்த முறை வருவதற்கு முன்பே மெஷின் வந்துவிட்டது. 1943-இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் தொத்திறைச்சிக்குப் பயன்படும் செல்லோபேன் குழாயை உருளையில் சுற்றி ஒரு டயாலிசிஸ் மெஷினைச் செய்தார். 1945-இல்தான் ஒரு மூதாட்டி அதில் பிழைத்தார். அப்போதும் ஒவ்வொரு முறைக்கும் புது இரத்தக் குழாய் தேட வேண்டியிருந்தது. நியூயார்க் மருத்துவர்கள் 1966-இல் வெளியிட்ட இந்தப் பிஸ்டுலா முறைதான் வாரா வாரம் வந்து போகிற வாழ்க்கையைச் சுலபமாக்கியது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, இறுக்கமாக எதுவும் போடக் கூடாது. வளையல்கள் எல்லாம் வலது கைக்குப் போயின. பார்க்க வந்த உறவுக்காரப் பெரியம்மா, “சுமங்கலிப் பொண்ணு, ஒரு கை மூளியா இருக்கே” என்றார். இவள் அந்தக் கையைப் பெரியம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். குழாய்க்குள் ரத்தம் விர்ரென்று ஓடுகிற அதிர்வு கையில் தெரியும். “இது ஓடுற வரைக்கும்தான் பெரியம்மா அந்த வளையல்” என்றாள்.

கொடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவிக்குக் கணவன் சிறுநீரகம் தரலாம். என் சர்க்கரை அதைத் தடுத்துவிட்டது. இப்போது அவள் பெயர், மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. முறை வருகிறபோது வரட்டும். அதுவரை என்னால் தர முடிந்தது, அவளுடைய உடம்பைப் பற்றிய முடிவுகளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவை அவளிடமே விட்டுவைப்பது.

பார்க்க வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். போட்டு வந்த நாளில் அவளுக்குத் தூக்கம்தான் மருந்து. இளநீரும் பழக்கூடையும் வேண்டாம். என்னிடம், “அவங்க காபி குடிக்கலாமா?” என்று கேட்காதீர்கள். அவள் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவளையே கேளுங்கள். சில நாள் குடிக்கிறேன் என்பாள், சில நாள் வேண்டாம் என்பாள். பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.