கோழித்தட்டை எங்கே வைக்கிறது?

எங்க அப்பத்தாவுக்கு கோழிதான் ஏடிஎம். முட்டை வித்த காசுலதான் மாத்திரை வாங்குவாங்க. அப்பாகிட்டகூட கை நீட்ட மாட்டாங்க. அதனால ஒரு குஞ்சு குறைஞ்சாலும் வீட்டில் பெரிய விஷயம்.

நாம கீரியையும் பாம்பையும்தான் திட்டுவோம். ஆனா பிரச்சினை சிந்துன தீவனத்துலயே ஆரம்பிக்குது. குருணைக்கு எலி வரும். எலியைத் தேடி பாம்பு வரும். வந்த பாம்பு முட்டையையும் குஞ்சையும் விடாது.

இந்த செமஸ்டர் லீவுல தட்டை இடம் மாத்தினோம். விளிம்பு கோழியோட முதுகு உயரத்துக்கு இருந்தா கிளறி இறைக்கிறது குறையும். மேலே கூரை இருந்தா பருந்து பாய முடியாது, மழையில தீவனம் நனைஞ்சு பூஞ்சையும் பிடிக்காது. கூண்டுக்கு அரை இன்ச் வெல்ட் மெஷ் அடிச்சோம். சாதாரண கோழிவலைக் கண்ணுல எலி நுழைஞ்சிடும்.

முக்கியமான வேலையை அப்பத்தாதான் சொன்னாங்க: "பொழுது சாயறப்ப தட்டை உள்ள எடுத்து வச்சிருய்யா." இருட்டினா கோழி தின்னாது. வெளியே கிடக்கிற மிச்சம் எல்லாம் எலிக்குத்தான்.

உங்க வீட்டிலும் கோழி இருக்கா? எலிப்பொறி வாங்குறதுக்கு முன்னாடி, தட்டுக்கு அடியில ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.