திங்கள், புதன், சனி

நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றியும் நயினாதீவு அம்மனைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். அதே யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் இருக்கும் நாரந்தனைக்குப் போய்வா என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. பனைகளுக்கு நடுவே கூரையில்லாத வீடுகள். பக்கத்திலேயே வெளிநாட்டுப் பணத்தில் வர்ணம் பூசிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள். என் தோழியின் சித்தி அங்கே இருந்தார், அவ்வளவுதான். 2024 மே மாதம், கோடை விடுமுறை.

போகும்போதே எனக்குள் கோபம் இருந்தது. நான் இராமேசுவரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். முதல் நாள் மயிலிட்டித் துறையில் இலங்கைக் கடற்படை பிடித்துவைத்த நம்மூர் விசைப்படகுகளைப் பார்த்திருந்தேன். தமிழ்நாட்டு எண்கள் அழியாமல், பலகை இற்று, சில பாதி முழுகிக் கிடந்தன. அந்தப் படகுகளில் போய் யாழ்ப்பாணச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தத் தீவுக்காரர்கள் இதையெல்லாம் எப்படி வேடிக்கை பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

சித்தி வீட்டுக்கு மீன் கொடுக்க வந்த பெரியவரின் கையில் ஆளுயரத்தைவிட நீளமாக ஒரு கம்பு. நுனியில் கொக்கி வைத்த இரும்பு. மண்டா என்றார். எனக்கும் கற்றுத் தருவீர்களா என்று கேட்டேன். சித்தி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. "இருட்டுக் காலம் நல்லது, ரீச்சர். சோளகக் காத்துப் பிடிச்சால் தண்ணி கலங்கிப் போகும்."

அமாவாசையை ஒட்டிய இரவில் தம்பாட்டிப் பக்கத்துக் கரையில் இறங்கினோம். முழங்கால் அளவுத் தண்ணீர், காலடியில் சாதாளைப் பாசி. அவர் தலையில் ஒரு பேட்டரி விளக்கைக் கட்டியிருந்தார். அவருடைய அப்பு காலத்தில் சூள்தான். காய்ந்த ஓலையைக் கட்டிக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு நடப்பார்களாம். "காலைத் தூக்கி வையாதேங்கோ. அரக்கி அரக்கி நடவுங்கோ. திருக்கை மணலுக்குள்ள படுத்திருக்கும்."

திருக்கையின் வால் முள்ளில் இருக்கும் நஞ்சு ஒருவகைப் புரதம், சூட்டில் சிதையும், அதனால்தான் குத்துப்பட்ட காலை வெந்நீரில் வைக்கிறார்கள் என்று பயத்தை மறைக்க நான் பாடம் நடத்தத் தொடங்கினேன். "சுடுதண்ணிக்கு வீட்டை போகவேணும். அதுக்குக் காலை அரக்கிறது சுகம்" என்றார்.

தண்ணீருக்குள் இருப்பது நம் கண்ணுக்கு மேலே எழும்பித் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் நான்கடி ஆழம் மூன்றடியாகத் தோன்றும். ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிற விஷயம். கையில் மண்டா இருக்கும்போது அந்தப் படம் எதற்கும் உதவவில்லை. மீன் நிற்கும் இடத்தில் குத்தினேன், சேறு கிளம்பியது. "அது நிக்கிற இடத்தில குத்தாதேங்கோ, கீழ குத்துங்கோ." எவ்வளவு கீழே? அதற்கு அவரிடம் கணக்கு இல்லை. தோள் அசைவதே தெரியாமல் அவர் ஓரா மீன் ஒன்றை எடுத்தார், பிறகு ஒரு திருக்கை. எனக்குக் கிடைத்தது ஒரு நண்டு. அதுவும் வலைத்துண்டில் சிக்கி ஓட முடியாமல் நின்ற நண்டு.

திருக்கையின் வாலை அங்கேயே வெட்டினார். "எங்களைப் படிப்பிச்ச வாத்தியாரிட்ட இதுதான் இருந்தது." நான் பிரம்புகூடத் தொட்டதில்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் சித்தி ஒடியல் கூழ் காய்ச்சினார். ஒடியல் மாவு, பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கை இலை, பழப்புளி, எல்லாவற்றோடும் ஓராவும் என் நண்டும். பெரியவரும் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்தார் சித்தி. முதல் வாய்க்கு ஒடியலின் கசப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது பிளா கேட்டபோது வாய் வேறு சேதி சொன்னது.

அந்த நல்ல மனநிலையில்தான் மயிலிட்டிப் படகுகளைப் பற்றிப் பேச்செடுத்தேன். பிளாவைக் கீழே வைத்தார்.

"1990இல இந்தத் தீவை விட்டு ஓடினனாங்கள். திரும்பி வந்தால் கடலுக்குப் பாஸ், நேரக் கட்டுப்பாடு. 2009க்குப் பிறகுதான் பயமில்லாமல் வலை வைக்கலாமெண்டு போனால், உங்கட ரோலர் நிக்குது. விரிச்ச வலையை அறுத்துக்கொண்டு போட்டாங்கள். ஒரு தரமோ?" ரோலர் என்றது எங்கள் இழுவைப் படகுகளை.

கடன், கூலி, சிறை என்று நான் சொன்னேன். துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். அந்த ஓம் என்னை எரிச்சலூட்டியது. "அவங்களைச் சுடவேண்டாம். அந்த மடியை இழுக்கவேண்டாம்." இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்தபோது தங்கள் ஆட்களும்தான் தொழிலை விட்டார்கள் என்றார். "ரோலர் கதையை விட்டுட்டுக் குடியுங்கோ" என்று சித்தி அதட்டினார். அவர் விடவில்லை. "திங்கள், புதன், சனி. அந்த மூண்டு நாளும் நாங்கள் ஆழத்தில வலை வைக்கமாட்டம்."

நான் பதில் பேசவில்லை. அந்தக் கிழமைகளை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் டோக்கன் வாங்கிப் படகு இறங்கும் நாட்கள் அவை. அவை கரை திரும்பும் செவ்வாயும் வியாழனும் காலையில் என் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். வருகைப் பதிவேட்டில் பல ஆண்டுகளாக நான் சிவப்பு மையில் போட்டுவரும் சுழிகள், இந்தத் திண்ணையில் இருப்பவருக்கு அறுந்த வலைகள்.

அந்த இரவுகளில் வேறென்ன செய்வீர்கள் என்று கேட்டேன். திண்ணையோரம் சாத்தியிருந்த மண்டாவைக் காட்டினார். முழங்கால் தண்ணீருக்கு எந்த ரோலரும் வராது. அப்போது தமிழ்நாட்டில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவர் வலையோடு ஆழத்துக்குப் போயிருக்கலாம். முந்தின இரவை எனக்காக விட்டிருக்கிறார்.

"உங்கட ஆக்களுக்கு லீவு எப்ப முடியுது?"

ஜூன் 14 என்றேன். 15 என்ன கிழமை என்றார். கைபேசியைப் பார்த்துச் சனி என்றேன்.

"முதல் நாளே வருவாங்கள்" என்று சொல்லிவிட்டுச் சித்தியிடம் பிளாவை நீட்டினார்.