பிடி தளர்ந்தால்...



தமிழாசிரியருக்கு இரும்புப் பட்டறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் தந்தையார் 31 ஆண்டுகள் செம்பனை ஆலையில் ஃபிட்டராகப் பணியாற்றியவர். ஓய்வு பெற்றபின், வீட்டின் பின்புறக் கொட்டகையில் சிறியதொரு மில்லிங் இயந்திரத்தை வாங்கி வைத்தார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. ஆகவே, பள்ளி விடுமுறைகளில் இயந்திரத்தை நான் இயக்க, அவர் நாற்காலியில் அமர்ந்து சொல்லிக்கொடுக்கிறார். வகுப்பறையில் ஆசிரியனாகிய நான் அங்கே மாணவன்!

சென்ற விடுமுறையில், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கப்பியின் இயக்கத்தைக் காட்ட ஒரு தாங்கி செய்ய முனைந்தேன். 10 மில்லி மீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகட்டில், 8 மில்லி மீட்டர் அகலத்தில், 3 மில்லி மீட்டர் ஆழத்திற்கு ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். வெட்டுக்கருவி இருந்தது. அதைப் பிடிக்கும் கோலெட்தான் இல்லை.

கோலெட் என்பது பிளவுகளையுடைய ஓர் எஃகுக் குழல். வெளிப்புறம் கூம்பாக இருக்கும். அதைக் கூம்பு வடிவத் துளைக்குள் இழுக்கும்போது பிளவுகள் நெருங்கிக் கருவியின் தண்டைச் சுற்றிலும் இறுகப் பிடித்துக்கொள்ளும். தந்தையாரின் இயந்திரம் ஆர்8 என்னும் வகை. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நிறுவனம் தன் மில்லிங் இயந்திரங்களுக்காக வடிவமைத்த கூம்பு அது. அதில் ஓர் அளவுக்கு ஒரு கோலெட் என்பதே கணக்கு. எங்களிடம் 6, 10, 12 மில்லி மீட்டர் ஆகிய மூன்று மட்டுமே இருந்தன.

தந்தையார் பசியாறச் சென்றிருந்த நேரம். "துளையிடும் சக்கில் எந்த அளவும் பிடிக்குமே" என்று எண்ணி, 8 மில்லி மீட்டர் கருவியை ட்ரில் சக்கில் மாட்டி முடுக்கிவிட்டேன். முதல் பாதி அழகாக வெட்டியது. பிறகு ஓசை மாறியது. இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தால், 3 மில்லி மீட்டர் ஆழத்தில் தொடங்கிய பள்ளம் சரிந்து சரிந்து தகட்டையே துளைத்து, அடியிலிருந்த வைஸிலும் வடுவை உண்டாக்கியிருந்தது. கருவியின் முனையும் உடைந்துவிட்டது.

"மட்டமான கத்தி அப்பா" என்றேன்.

அவர் உடைந்த துண்டை ஒளியில் திருப்பிப் பார்த்தார். "கத்தி மேல குத்தம் இல்ல தம்பி. அதப் பிடிச்ச பிடி மேலதான் குத்தம்" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். துளையிடும்போது விசை நேராக மேல்நோக்கி வரும். சக் அதைத் தாங்கும். மில்லிங்கில் விசை பக்கவாட்டில் வருகிறது. அதுவும் பல்லுக்குப் பல் தட்டித் தட்டி வருகிறது. சக்கின் மூன்று தாடைகளும் தண்டை மூன்று கோடுகளில் மட்டுமே தொடுகின்றன. அதிர்வில் பிடி தளரும். கருவியின் திருகு வடிவப் பற்களோ அதைக் கீழ்நோக்கி இழுக்கும். தளர்ந்த பிடியிலிருந்து கருவி சிறிது சிறிதாக இறங்கிவிடும். சக்கே தன் கூம்பிலிருந்து கழன்று விழுவதும் உண்டாம். சுழன்றுகொண்டிருக்கும் சக் என் கையில் விழுந்திருந்தால்? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஒவ்வோர் அளவுக்கும் ஓர் ஆர்8 கோலெட் வாங்குவதை விட, ஆர்8 தண்டுள்ள ஈஆர்32 பிடிப்பான் ஒன்றை வாங்குவதென முடிவு செய்தோம். ஈஆர் முறையை 1973-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. இதில் ஒவ்வொரு கோலெட்டும் தன் அளவிலிருந்து 1 மில்லி மீட்டர் வரை சுருங்கும். 3 முதல் 20 வரையிலான 18 கோலெட்டுகள் இருந்தால் இடைப்பட்ட அளவுகள் அனைத்தையும் பிடிக்கலாம்.

அதிலும் நான் தவறு செய்தேன். கோலெட்டைப் பிடிப்பானுக்குள் போட்டுவிட்டு அதன்மேல் மறையை முறுக்கினேன். "அப்படி இல்ல. மொதல்ல கோலெட்ட மறைக்குள்ள சாய்ச்சு, டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்து. அப்புறம் கத்திய விடு. கடைசியாத்தான் முறுக்கு" என்றார். மறையின் உள்வளையம்தான் கழற்றும்போது கோலெட்டை வெளியே இழுக்கிறது. வளையத்தில் பொருந்தாத கோலெட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

தந்தையாரின் தகரப் பெட்டியில் பழைய அங்குல அளவுக் கருவிகளும் இருந்தன. கால் அங்குலம் என்பது 6.35 மில்லி மீட்டர். அதை 6 மில்லி மீட்டர் கோலெட்டில் திணிக்கப் பார்த்தேன். தடுத்துவிட்டார். கோலெட் சுருங்குமே தவிர விரியாது. 7 மில்லி மீட்டர் கோலெட்டை எடுத்து இறுக்குவதே முறை.

இறுதியில் டயல் கேஜை வைத்து, கையால் சுழற்றிப் பார்த்தோம். சக்கில் பிடித்த தண்டு 0.12 மில்லி மீட்டர் ஆடியது. கோலெட்டில் 0.02 மட்டுமே. இடையில் ஒருமுறை 0.06 காட்டியது. கழற்றிப் பார்த்தால், கூம்பில் மெல்லியதொரு அலுமினியச் சீவல்! துடைத்து மாட்டியதும் சரியாயிற்று.

"அப்படியானால் ஆர்8 கோலெட்டுகளையும் சக்கையும் ஒதுக்கிவிடலாமா?" என்றேன். கூடாதாம். ஈஆர் பிடிப்பான் நீளமானது. சிறிய இயந்திரத்தில் உயரத்தைத் தின்றுவிடும். உயரமான பொருளை வெட்ட, கருவியைச் சுழல்தண்டுக்கு அருகிலேயே பிடிக்கும் ஆர்8 தான் ஏற்றது. துளையிடச் சக்தான் ஏற்றது. எதுவும் வீணில்லை, எதற்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சொல் என்னை வேறிடத்திற்கு இழுத்துச் சென்றது. விடுமுறைக்கு முன், பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு மாணவனின் தாயாரிடம், "அவனுக்குக் கவனமே இல்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். முப்பது பேருக்கும் ஒரே தலைப்பு, ஒரே துணைச்சொற்கள் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்பவன் நான். அவன் மூன்று வரிகளோடு நின்றுவிடுவான். ஆனால், தாத்தா மிதிவண்டிச் சங்கிலியை எப்படிக் கோக்கிறார் என்பதை ஓய்வு நேரத்தில் வரிசை பிறழாமல் சொல்லுவான். கத்தி மட்டம் என்று நான் சொன்னது இது முதல் முறையன்று!

பள்ளி திறந்ததும், அந்தச் சங்கிலி வேலையைப் படிப்படியாக வரைந்து, ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். 11 வாக்கியங்கள் எழுதினான். லகர ளகரப் பிழைகள் இன்னும் இருக்கின்றன. கட்டுரை வடிவம் இன்னும் வரவில்லை. எனினும், அன்று மாலையே அவன் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, முன்பு நான் சொன்னது தவறு என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அதுக்காக அவன அன்னிக்கு அடிச்சிட்டேன் சார்" என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

கப்பித் தாங்கியைப் புதுத் தகட்டில் மீண்டும் செய்துவிட்டோம். ஓட்டை விழுந்த பழைய தகடு ஆசிரியர் அறையில் என் மேசைமேல் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் குறிப்பு எழுத அமரும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.