ஒரு நாய்க்குட்டிக்கு எத்தனை பைலட் வேண்டும்?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கம் காலையில் போனால் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். டூரிஸ்ட் பஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டம் ஒன்று. அவர்கள் கையிலிருக்கும் பிஸ்கட் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் நாய்க் கூட்டம் இன்னொன்று. ஒத்தவாடைத் தெருவில் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களில் யாராவது ஒருவர், ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், "இந்தக் குட்டியை நான் கூட்டிப்போக முடியுமா?" என்று கேட்பதுண்டு. கேள்வி ஒரு வரிதான். பதிலுக்கு ஏழு மாதம் ஆகும்.

ஜெர்மனி, பிரான்ஸ் என்று ஐரோப்பிய யூனியனுக்குள் இந்திய நாய் ஒன்று நுழைய வேண்டுமென்றால், முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைக்க வேண்டும். அதன்பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. அதுவும் குட்டிக்கு 12 வாரம் நிரம்பியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, யூனியன் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பு சக்தி போதுமான அளவு இருக்கிறது என்று முடிவு வந்தாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிக் கழித்தால் கைக்குட்டையில் சுருட்டலாம் போலிருந்த குட்டி, கிளம்பும்போது வளர்ந்த நாய். கேட்டவரோ பத்து நாள் விடுமுறையில் வந்தவர்!

அந்த ஏழு மாதமும் குட்டி எங்கே இருக்கும், யார் சோறு வைப்பார்கள், யார் ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், கடைசியில் யாருடைய டிக்கெட்டில் பறக்கும்? இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பவர்தான் ஒருங்கிணைப்பாளர். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஒரு போனும், வெள்ளைத்தாளில் எழுதிய பெயர்ப் பட்டியலும்தான் அலுவலகம்.

அமெரிக்காவில் இந்த வேலையை ஆகாயத்திலேயே செய்கிறார்கள். 2008-ல் சவுத் கரோலினாவைச் சேர்ந்த டெபி பாய்ஸ், ஃபுளோரிடாவில் கைவிடப்பட்டிருந்த ஒரு டாபர்மேனைத் தத்தெடுக்க நினைத்தார். எப்படிக் கூட்டிவருவது என்று தெரியாமல் கேட்டு வைத்தபோது, சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருந்த ஜான் வேரன்பர்க் தானே போய் அழைத்து வருவதாகச் சொன்னார். அந்த ஒரு பயணத்திலிருந்து பிறந்ததுதான் 'பைலட்ஸ் அண்ட் பாஸ்' அமைப்பு. விமானிகளும் பாதங்களும்! அங்கே தென் மாநிலக் காப்பகங்களில் நாய்கள் நிரம்பி வழிகின்றன. வட மாநிலங்களில் வளர்க்கக் கேட்பவர்கள் அதிகம். நடுவில் இருக்கும் தூரத்தை, சொந்தப் பெட்ரோல் செலவில் பறக்கும் விமானிகள் துண்டு துண்டாகப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் ஓர் ஊர் வரை. அங்கே ஓடுபாதையில் இன்னொருவர் காத்திருப்பார். வானிலை கெட்டால் எல்லாம் ரத்து, மறுபடி முதலிலிருந்து போன்.

நம் வானம் வேறு மாதிரி. 2020 ஊரடங்கில் டெல்லியில் மாட்டிக்கொண்ட செல்லப் பிராணிகளை மும்பைக்குக் கொண்டுபோக தனி ஜெட் ஏற்பாடு செய்வதாகச் செய்தி வந்தது. ஒரு சீட்டுக்கு 1.6 லட்சம் ரூபாய்! தெருவில் கிடந்த குட்டிக்கு அது ஆகாது. இங்கே 'பைலட்' என்றால், எப்படியும் அந்த ஊருக்குப் போகப்போகிற சாதாரணப் பயணிதான். வேலைக்கோ கல்யாணத்துக்கோ போகிறவர், தன் டிக்கெட்டோடு ஒரு கூண்டையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதிப்பார்.

திரிசூலத்தில் இருப்பதைச் 'சென்னை விமான நிலையம்' என்று நாம் சொன்னாலும், திரிசூலம் செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்லாவரம் தாலுகாவைச் சேர்ந்தது. அங்கிருந்து புறப்படும் எல்லா விமானங்களும் நாயை ஏற்றுவதில்லை. ஏர் இந்தியா ஏற்றும். ஆகாசா ஏர் 2022 நவம்பரிலிருந்து ஏற்றுகிறது. இண்டிகோவில் வழிகாட்டி நாய்களைப் போன்ற சேவை நாய்களைத் தவிர மற்றவற்றுக்கு இடமில்லை. பயணிகளோடு கேபினில் வர வேண்டுமென்றால் கூண்டையும் சேர்த்து எடை வரம்பு உண்டு. நம் தெரு நாய் ஐந்தாறு மாதத்திலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடும். பிறகு சரக்கு அறைதான்.

வெளிநாட்டு வாசல்களும் சுருங்கிக்கொண்டே வருகின்றன. ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகளிலிருந்து விற்பனைக்கோ தத்துக்கோ நாய்கள் வருவதை 2022 செப்டம்பர் 28 முதல் கனடா நிறுத்திவிட்டது. பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. அமெரிக்கா 2024 ஆகஸ்ட்டிலிருந்து ஆறு மாதம் நிரம்பாத நாயை உள்ளே விடுவதில்லை. வருத்தமாக இருந்தாலும், ரேபிஸ் பயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

விமானியும் நாயும் என்றால் நம் ஊரில் ஒரு பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. கேப்டன் வி.சுந்தரம். மைசூர் மகாராஜாவின் டகோட்டா விமானத்தை ஓட்டியவர். நேருவும் படேலும் அவர் ஓட்டிய விமானத்தில் பறந்திருக்கிறார்கள். பக்கத்து சீட்டில் துணை விமானியாக இருந்தது அவர் மனைவி உஷா சுந்தரம். இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவர். 1951-ல் அன்றைய மெட்ராஸ் அரசாங்கம் வாங்கிய 'டவ்' விமானத்தை எடுத்துவர இருவரும் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனார்கள். திரும்பி வரும்போது லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் பறந்து சாதனை படைத்தார்கள்.

இவ்வளவு வேகமாகப் பறந்தவர் பிராணிகளுக்காகச் செய்த காரியம் தரையில் நடந்தது. 1959-ல் மெட்ராஸில் பெருமழை. வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்படி வீட்டிலேயே தொடங்கியதுதான் ப்ளூ கிராஸ். தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடலாம் என்று அந்த அமைப்பு 1964-லேயே செய்து காட்டியது. மத்திய அரசு அதை நாடு முழுமைக்கும் விதியாக்கியது 2001-ல்.

அந்த விதியில்தான் ஒருங்கிணைப்பாளருக்கு முதல் சிக்கல். 2023-ல் திருத்தி எழுதப்பட்ட விதிகளும் 'பிடித்த இடத்திலேயே விட வேண்டும்' என்றுதான் சொல்கின்றன. கோவளத்து நாயைக் கொண்டுபோய் மதுராந்தகத்தில் இறக்கிவிடுவது மீட்பு ஆகாது. தெரியாத தெருவில் அந்த ஊர் நாய்கள் அதைக் குதறிவிடும். ஆகவே ஒரு நாய் ஊரை விட்டு நகர வேண்டுமென்றால், போய்ச் சேரும் இடத்தில் கதவு வைத்த வீடு ஒன்று இருக்க வேண்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலைய வளாகங்களிலிருந்து தெருநாய்களைக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும், அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டபிறகு, அப்படிப்பட்ட வீடுகளைத் தேடும் அவசரம் கூடியிருக்கிறது.

வீடு கிடைத்துவிட்டது, கோயம்புத்தூரில் என்று வைத்துக்கொள்வோம். ரயிலா, காரா?

ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி-யில் கூபே முழுவதையும் எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். ஆனால், கூபேதான் கிடைக்கும் என்று டிக்கெட் எடுக்கும்போது யாரும் உத்தரவாதம் தருவதில்லை. சார்ட் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இல்லையென்றால் கார்டு பெட்டியிலுள்ள நாய்க் கூண்டு. இருட்டும் இரும்புச் சத்தமுமாக இருக்கும் அந்தக் கூண்டில், பயந்த நாயை ஏற்ற மனசு வருவதில்லை. செங்கல்பட்டு ஜங்ஷனில் ரயில் நிற்கும் சில நிமிடங்களுக்குள் அதைச் செய்வதும் கஷ்டம். எழும்பூருக்கோ சென்ட்ரலுக்கோ போய் நிதானமாக ஏற்றுவதே நல்லது.

அதனால் பலர் காரைத்தான் நம்புகிறார்கள். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரை ஒருவர். ஜி.எஸ்.டி ரோட்டில் ஏறி விழுப்புரம் வரை இன்னொருவர். சேலம் வரை மூன்றாமவர். கைமாறும் இடங்கள் எல்லாம் சுங்கச்சாவடிக்குப் பக்கத்து டீக்கடைகள். நாயோடு சேர்ந்து அதன் தடுப்பூசிப் புத்தகம், பழக்கப்பட்ட வாசனையோடு ஒரு பழைய துணி, கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எல்லாம் கைமாற வேண்டும். இதில் எதையாவது மறந்தால் அடுத்த கைக்குத்தான் தலைவலி. ஒருவர் கார் பஞ்சர் ஆனால், பின்னால் இருக்கும் எல்லோருடைய ஞாயிற்றுக்கிழமையும் பஞ்சர்.

அதைவிடப் பெரிய பயம் பார்வோ. கண்ணுக்குத் தெரியாமல் குட்டியின் உடம்பில் சில நாள் பதுங்கியிருந்துவிட்டு, வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக வெளிவரும் வைரஸ். தெருவிலிருந்து எடுத்த அன்றே காரில் ஏற்றினால், வழியில் குட்டி சுருண்டுவிடலாம். போகிற வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நாய்க்கும் ஆபத்து. இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவதே முறை. ஆனால், "இன்றைக்கே யாராவது கொண்டுபோங்கள், பாவமாக இருக்கிறது" என்று போன் செய்கிறவர்களிடம் அந்த இரண்டு வாரத்தைப் பற்றிப் பேசினால், கல்நெஞ்சக்காரர் என்ற பெயர்தான் கிடைக்கும். நல்ல ஒருங்கிணைப்பாளர் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பார்.

எல்லாம் சரியாக நடந்து நாய் போய்ச் சேர்ந்த பிறகு, பத்தாவது நாள் ஒரு மெசேஜ் வரலாம். 'ராத்திரியெல்லாம் குரைக்கிறது, அபார்ட்மென்ட்டில் சண்டை, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.' போகும்போது உற்சாகமாக வந்த நான்கு டிரைவர்களும் திரும்பி வரும்போது கிடைக்க மாட்டார்கள். செல்ஃபி எடுக்க ஏற்ற பயணம் இல்லை அது. திரும்பும் வழிக்கு ஆள் ஏற்பாடு செய்யாமல் ஒரு நாயை அனுப்பினால், கோயம்புத்தூர்த் தெருவில் இன்னொரு நாயைச் சேர்த்ததாகத்தான் அர்த்தம். அனுபவப்பட்டவர்கள் அதனால்தான் வண்டி பிடிக்கும் முன்பே, போகும் ஊரிலேயே, கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் இன்னொரு வீட்டையும் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

மாமல்லபுரத்துக் குட்டிக்கு வருவோம். ரத்தப் பரிசோதனை முடிந்து, மூன்று மாதமும் ஓடி, கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் ஏற்றுமதிச் சான்றும் வாங்கியாகிவிட்டால், கேட்டவர் தானே வந்து அழைத்துப்போக வேண்டும். அல்லது அவர் பயணம் செய்யும் தேதிக்கு ஐந்து நாள் முன்பின்னாக, அவர் எழுதிக் கொடுத்தவர் கொண்டுபோகலாம். சிலர் சொன்னபடி வருகிறார்கள். சிலரிடமிருந்து பதிலே வருவதில்லை. அதற்குள் குட்டிக்கு ஒரு பெயர் வந்திருக்கும். தற்காலிகமாக வைத்திருந்த வீட்டில், பாத்திரம் உருளும் சத்தம் கேட்டாலே சமையலறை வாசலில் வந்து உட்காரப் பழகியிருக்கும். அந்த வீட்டு அம்மா போனில் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்வார்: "அவங்க வந்தா பார்த்துக்கலாம்ப்பா. நீ கூண்டை மட்டும் வந்து எடுத்துட்டுப் போ, இடத்தை அடைக்குது."