விட்டுவிடும் வலிமை

தூண்டில் கோல் ஒன்று வாங்குவது அத்துணை பெரிய காரியமா என்று எவரேனும் கேட்டிருந்தால், சென்ற ஆண்டுப் புரட்டாசி வரையில் இல்லையென்றே விடை பகர்ந்திருப்போம். அண்ணனும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் மதுரையின் தென்மேற்கே மாடக்குளம் கண்மாய்க் கரையில் மீன்பிடித்து வளர்ந்தவர்கள். கோலை நாங்கள் கடையில் வாங்கியதில்லை. மூங்கிற் புதரில் வெட்டி, நிழலில் உலர்த்தி, நெருப்பில் வாட்டி நிமிர்த்திய கழி, அதன் நுனியில் தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு மிதவை, முள்ளில் மண்புழு. கெண்டையும் கெளுத்தியும் அதற்கு அகப்பட்டன. வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்திற்கு வீட்டில் மீன்குழம்பு கொதித்தபோது, அதில் எங்கள் பங்கும் இருந்தது.

விரால் மட்டும் அக்கோலுக்கு அடங்கவில்லை. முள் தைத்ததும் அது ஆம்பற் கொடிகளுக்குள் பாய்ந்து நரம்பைச் சுற்றிக்கொள்ளும். நெடுநேரம் இழுபறி நடக்கும். முடிவில் நரம்பு அறும், அல்லது கழி முறியும். ஆயினும் ஒருமுறை ஒரு விரால் எங்கள் கைக்கு வந்தது. அது வந்த விதத்தை நாங்கள் இதுகாறும் எவரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் ஒரு திரளாகச் சேர்ந்து, காற்றை உட்கொள்ள அடிக்கடி நீர்ப்பரப்புக்கு வரும். அப்போது அவ்விடம் மட்டும் தூறல் விழுந்தாற்போலக் குமிழியிடும். பெற்ற மீன் அதன் கீழே நின்று, நெருங்கும் எதனையும் சினந்து தாக்கும். பசியால் அன்று, பாசத்தால் வாய் திறக்கும் அந்நேரமே அதைப் பிடிக்க எளிய நேரம் என்பதை அறிந்து, குஞ்சுத் திரளின் நடுவே தவளையைக் கோத்து எறிந்தோம். விரால் பாய்ந்தது. நெடுநேரம் போராடிக் களைத்து, கரைக்கு வருமுன்பே குற்றுயிராயிற்று. மறுநாள் சென்று பார்த்தபோது அவ்விடத்தில் குமிழிகள் இல்லை. காவலற்ற குஞ்சுகளைப் பிற மீன்களும் கொக்குகளும் தின்றிருக்க வேண்டும். அன்றைய குழம்பின் சுவை எங்களுக்கு நினைவில்லை. அமைதியாய்க் கிடந்த அந்த நீர்ப்பரப்பு நினைவிலிருக்கிறது.

ஆண்டுகள் பல சென்றபின், கல்லூரியில் சேர்ந்திருந்த எங்கள் பேரன் வந்து நின்றான். “தாத்தா, சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருக்கிறது. எல்லா மீனுக்கும் பொருந்தும்படி ஒரே ஒரு கோல் வாங்க வேண்டும். நீங்கள் இருவரும் வந்து தேர்ந்து கொடுங்கள்” என்றான். அவனே நிறையப் படித்து வைத்திருந்தான். வட அமெரிக்க ஏரிகளில் மஸ்கி என்றொரு பெருமீன் உண்டாம். பத்தாயிரம் முறை வீசினால்தான் ஒன்று கிட்டும் என்று அந்நாட்டார் வேடிக்கையாகச் சொல்வார்களாம். அதற்கென எட்டு, ஒன்பது அடிக் கோல்களை அவர்கள் பயன்படுத்துகிறார்களாம். அவர்களுள்ளும் ‘பல கோல் வாங்க வசதியற்றவன் எதை வாங்குவது?’ என்பதே பெரும் விவாதமாம். ஏழ்மைக்கும் ஆசைக்கும் இடையே நடக்கும் வழக்கு எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும்!

நகரில் ஒரு கடைக்குச் சென்றோம். மூங்கிலை மட்டுமே அறிந்த எங்களுக்குக் கடைக்காரர் பொறுமையோடு விளக்கினார். கண்ணாடி இழைக் கோல் சற்றுக் கனமானது. ஆனால் அடிபட்டாலும் தாங்கும். கார்பன் இழைக் கோல் இலேசானது, மீன் தொடுவதைக் கைக்கு உடனே உணர்த்தும். ஆனால் கல்லில் மோதிக் கீறல் விழுந்தால் ஒருநாள் சட்டென்று முறியும். அது மின்சாரத்தைக் கடத்தும் ஆதலால் மின்கம்பிகளின் கீழே அதை உயர்த்தவே கூடாது. நரம்பு செல்லும் வளையங்களுக்குள் சிறிது பஞ்சை நுழைத்து இழுக்க வேண்டும். பஞ்சு சிக்கினால் அவ்வளையத்தில் வெடிப்பு உண்டு. அது நரம்பை அறுத்துவிடும். எத்தனை கனமுள்ள நரம்பை அக்கோல் தாங்கும் என்பது கைப்பிடிக்கு மேலே அச்சிடப்பட்டிருக்கும். இவையெல்லாம் கேட்டு, ஒவ்வொரு கோலையும் எடுத்து நுனியை வளைத்துப் பார்த்தோம்.

இரண்டு கோல்கள் எஞ்சின. ஒன்று மெல்லியது, கெண்டைக்கு உகந்தது, விலையும் குறைவு. மற்றது ஏழடி நீளம், இரண்டு துண்டாகக் கழற்றிப் பேருந்தில் கொண்டு செல்லக்கூடியது. நுனி இளகி வளையும், அடிப்பாகமோ உறுதியாய் நிற்கும். மெல்லியதையே வாங்கும்படி நாங்கள் வற்புறுத்தினோம். பழைய நினைவு எங்களை உறுத்தியது. வலிய கோலைக் கையில் கொடுத்தால், எங்கள் பாவத்தை இவனும் செய்வானோ என்ற அச்சம். அதை வெளியே சொல்லாமல், “பெரிய மீனுக்கு ஆசைப்பட வேண்டாமப்பா” என்று மட்டும் சொன்னோம்.

கடைக்காரர் மெல்லச் சிரித்தார். “ஐயா, மெலிந்த கோலில் விரால் கடிக்காது என்று யார் சொன்னது? கடிக்கத்தான் செய்யும். அப்போது அதைக் கரைசேர்க்க நெடுநேரமாகும். அதற்குள் மீன் களைத்துச் செத்துப்போகும்; அல்லது நரம்பு அறுந்து, வாயில் முள்ளோடு திரியும். திரும்ப விட வேண்டுமென்று நினைப்பவனுக்குத்தான் வலுவான கோல் வேண்டும்” என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை ஆண்டுகளாக எங்கள் குற்றத்தை வலிமையின் மேல் சுமத்தியிருந்தோமே! அன்று எங்கள் கையிலிருந்தது மெலிந்த மூங்கில் அன்றோ? பிடிக்கவும் வலிமையின்றி, விடவும் வலிமையின்றி அந்த விராலை வதைத்தோம். ஏழடிக் கோலையே வாங்கினோம்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த கார்த்திகையில், சோழவந்தான் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் அனுமதி பெற்று மூவரும் சென்றோம். 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர், 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் வழியாக வந்து வளப்படுத்தும் நிலப்பகுதி அது. பேரன் தன் முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி வைத்திருந்தான். உயிருள்ள தவளைக்குப் பதிலாக ரப்பர் தவளை. அதை அவன் வீசிய கணத்தில்தான் நாங்கள் குமிழிகளைக் கண்டோம். குரல் கொடுப்பதற்குள் நீர் வெடித்தது.

கோல் வளைந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு நிமிடத்திற்குள் விரால் கரையருகே வந்துவிட்டது. முழங்கை நீளம் இருக்கும். பேரன் எங்களைப் பார்த்தான். அப்போதுதான் முதன்முறையாக அந்தப் பழைய கதையை அவனுக்குச் சொன்னோம், இரண்டே வாக்கியங்களில்.

அவன் மறுமொழி சொல்லாமல் கையை நனைத்துக்கொண்டு மீனைப் பற்றினான். முள் எளிதில் கழன்றது. நீருக்குள் தாழ்த்திப் பிடித்த கையிலிருந்து மீன் தானே நழுவிச் சென்றது. பிறகு கேட்டான்: “கோடையில் நீர் வற்றினால் ஊரே திருவிழாவாக இறங்கி, ஊத்தாவும் வலையுமாக எல்லாவற்றையும் பிடித்துவிடுமே தாத்தா. இதை விட்டதில் என்ன பயன்?” நல்ல கேள்விதான். ஊரார் அன்று பிடிப்பதற்குக் கோடையில் மீன் இருக்க வேண்டுமானால், கார்த்திகையில் குஞ்சுகளுக்குக் காவல் இருக்க வேண்டும் என்றோம். அந்த விடை எங்களுக்கே அன்றுதான் கிடைத்தது.

மூவரும் அசையாமல் நின்றோம். நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பின்னர் ஆம்பல் இலைகளுக்கு அப்பால் நீர் குமிழியிட்டது. அதன் கீழே பெரிய சுழிப்பொன்று எழுந்து அடங்கியது.

வீடு திரும்புகையில் நாங்கள் பேதுருவை நினைத்துக்கொண்டோம். இராயப்பர் என்று நம் முன்னோர் அழைத்த அவர் வலைஞர். நற்செய்திகளில் அவர் தூண்டில் வீசுவது ஒரே ஓர் இடத்தில், மத்தேயு 17ஆம் அதிகாரத்தில், வருகிறது. கோவில் வரி கட்ட வேண்டிய நேரம். ஆண்டவர் அவரைக் கடலுக்கு அனுப்பும்போது கூடை நிறையப் பிடித்துவரச் சொல்லவில்லை. முதலில் அகப்படும் மீனின் வாயில் நாணயம் இருக்கும் என்றே சொன்னார். ஒரு மீன், ஒரு நாணயம், இருவருடைய வரிக்கும் அது போதும். கடலில் எஞ்சியவை கடலிலேயே இருந்தன.

அந்தக் கோல் இப்போது எங்கள் வீட்டுக் கதவின் பின்னே சாய்ந்திருக்கிறது. பிள்ளைகள் கையில் வலிமையைக் கொடுக்க அஞ்சும் பெற்றோரைக் காணும்போதெல்லாம், அதைக் காட்ட வேண்டும்போல் தோன்றுகிறது. மெலிந்த கோலைக் கொடுத்துவிட்டால் மட்டும் பிள்ளை நல்லவனாகிவிடுவதில்லை. வலிய கோலையும் கொடுத்து, நம் வீழ்ச்சியின் கதையையும் மறைக்காமல் சொல்லிவிட்டால், கையை நனைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தை அவனே அறிந்துகொள்வான்.