ஒதுங்கி நின்றவர்

முடி திருத்தும் கடைகளுக்கு உலகெங்கும் ஒரே இலக்கணந்தான் போலும். அங்கே கத்திரிக்கோலுக்கு உள்ள வேலையைவிட நாவுக்கு உள்ள வேலை மிகுதி. நம் ஊர்க் கடையானால் பேச்சு அரசியலாக இருக்கும். இல்லையேல் ஜமாஅத் விவகாரமாக இருக்கும். அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரை அடுத்த குயின்ஸியில், அது பந்தாட்டமாக இருந்தது.

2024 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். அக்டோபர் முதல் வாரம் கழிந்த ஒரு மாலையில், முடி வெட்டிக்கொள்ளலாமென்று மாப்பிள்ளை நம்மை ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார். கடைக்காரர் லெபனான் நாட்டவர்; இளமையிலேயே அங்கு குடியேறியவர். நாம் அரபி ஆசிரியர் என்றறிந்ததும், "யா உஸ்தாத்!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாம் பேசியது நூலரபி. அவர் பேசியது தம் ஊர்ப் பேச்சரபி. இரண்டும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.

ஆனால் நம் உரையாடல் நீடிக்கவில்லை. காத்திருந்த இருவருக்கிடையே கடுமையான தர்க்கம் மூண்டுவிட்டது. கைகலப்பில் முடியுமோ என்று அஞ்சினோம். மாப்பிள்ளை நம் காதருகே குனிந்து, "ஒன்றுமில்லை மாமா, குவார்ட்டர்பேக்காக யாரை இறக்குவது என்றுதான் சண்டை" என்றார்.

அமெரிக்கர் 'ஃபுட்பால்' என்று சொல்வது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. பந்து இருபுறமும் கூம்பியிருக்கும். பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுவதும் எறிந்து பிடிப்பதுமே ஆட்டம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இதில் நமக்குப் புதுமையாகத் தோன்றிய ஓர் ஏற்பாடு உண்டு. தாக்குவதற்குப் பதினொருவர், காப்பதற்கு வேறு பதினொருவர் என ஓர் அணிக்குள்ளேயே இரு படைகள். தாக்கும் படையின் நடுவே நின்று பந்தை வாங்கி, யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவு செய்பவரே குவார்ட்டர்பேக். வென்றால் மாலை அவர் கழுத்துக்கு. தோற்றால் கல்லும் அவர் தலைக்கு.

அவ்வட்டாரத்து மக்களின் அணி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். அவ்வாண்டு முதல் ஆட்டத்தில் சின்சினாட்டியை 16-10 என வென்றது. அதன்பின் தொடர்ந்து நான்கு தோல்விகள். நியூயார்க் ஜெட்ஸ் அணியிடம் 24-3, சான் பிரான்சிஸ்கோவிடம் 30-13, அக்டோபர் 6 அன்று மயாமியிடம் 15-10. களத்தில் நின்றவர் ஜகோபி பிரிஸ்ஸெட். வயது 31, பல அணிகளைக் கண்ட அனுபவசாலி. ஓரத்தில் காத்திருந்தவர் டிரேக் மே. வயது 22, அவ்வாண்டுத் தேர்வில் நாடு முழுவதிலும் மூன்றாவதாக எடுக்கப்பட்ட இளைஞர்.

ஒருவர் கட்சி: "தோற்பதுதான் விதியென்றால் இளைஞனை வைத்துத் தோற்போம், அவனாவது கற்றுக்கொள்வான்." மற்றவர் கட்சி: "முன்வரிசைக் காவல் ஓட்டையாகக் கிடக்கிறது. இப்போது இறக்கினால் பையன் எலும்பை முறித்துக்கொண்டு போவான். மூத்தவரே அடி வாங்கட்டும்."

கடைக்காரர் நம் பிடரியில் சீப்பை வைத்தபடியே அரபியில் சொன்னார்: "உஸ்தாத், இந்தச் சண்டை எனக்குப் பழக்கம். 2001 இல் இதே கடையில், இதே நாற்காலியில் நடந்தது." பிறகு அந்தக் கதையைச் சொன்னார். அவர் சொன்னதையும், பின்னர் மாப்பிள்ளையின் உதவியால் நாம் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

2001 இல் அவ்வணியின் குவார்ட்டர்பேக் டிரூ பிளெட்ஸோ. 1993 ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்றவர். அந்த 2001 இன் மார்ச் மாதத்தில்தான் பத்தாண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்தார். முதல் ஆட்டத்தில் அணி தோற்றது. செப்டம்பர் 11 நிகழ்ச்சியால் ஆட்டங்கள் ஒரு வாரம் தள்ளிப்போயின. செப்டம்பர் 23 அன்று நடந்த இரண்டாம் ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவர் மோதியதில் பிளெட்ஸோவுக்கு மார்புக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. அவரிடத்தில் இறங்கியவர் டாம் பிரேடி. 2000 ஆம் ஆண்டுத் தேர்வில் 198 பேர் எடுக்கப்பட்ட பின் 199 ஆவதாக எடுக்கப்பட்டவர். அன்று அவர் பெயரைச் சொன்னால் அடுத்த மாநிலத்தில் எவருக்கும் தெரியாது.

நவம்பரில் பிளெட்ஸோ உடல் தேறி வந்தார். மருத்துவர்கள் ஆடலாம் என்றனர். ஊர் இரண்டுபட்டது. நவம்பர் 18 அன்று செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியிடம் 24-17 எனத் தோற்றதும் கணக்கு ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. கோடிகள் கொடுத்து வைத்திருக்கும் மூத்தவரை மூலையில் உட்கார்த்துவதா என்று ஒரு சாரார் கொதித்தனர். பயிற்சியாளர் பில் பெலிச்சிக் இளையவரையே வைத்துக்கொண்டார். அதன்பின் அவ்வணி அவ்வாண்டில் எந்த ஆட்டத்திலும் தோற்கவில்லை. 2002 பிப்ரவரி 3 அன்று அதே ராம்ஸ் அணியை 20-17 என வென்று முதன்முதலாக வாகை சூடியது.

இதுவரை உலகம் அறிந்த கதை. கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு இரண்டு செய்திகளைச் சொன்னார். நம் மனத்தைத் தைத்தவை அவையே.

முதலாவது: "எல்லோரும் பிரேடி, பிரேடி என்கிறார்கள். அவ்வாண்டு 503 புள்ளிகள் குவித்த ராம்ஸ் அணியை இறுதி ஆட்டத்தில் 17 இல் நிறுத்தியவர்கள் யார்? காப்புப் படையினர். இதே காப்புப் படைதான் தொடக்கத்தில் சின்சினாட்டிக்கு 23, மயாமிக்கு 30 என்று வாரிக் கொடுத்தது. அது தன் கால்களை ஊன்றக் கற்றுக்கொண்ட கதையை எந்தக் கடையிலும் எவரும் பேசுவதில்லை."

இரண்டாவது: இறுதிக்கு முந்தைய ஆட்டம், 2002 ஜனவரி 27, பிட்ஸ்பர்க் நகரம். பாதி ஆட்டம் முடியுமுன் பிரேடிக்குக் கணுக்காலில் அடி. நான்கு மாதமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிளெட்ஸோ எழுந்து சென்றார். சில எறிதல்களுக்குள் அணியைக் கோட்டைத் தாண்டச் செய்தார். ஆட்டம் 24-17 என வெற்றி. அடுத்த வாரம் மீண்டும் பிரேடி. மீண்டும் ஓரத்தில் பிளெட்ஸோ. சில மாதங்களில் அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டனர்.

"இடத்தை இழந்தவர் எப்படி உஸ்தாத் அத்தனை ஆயத்தமாக இருந்தார்?" என்று கேட்டுவிட்டு அவர் மீண்டும் கத்தரியை எடுத்தார். நாம் விடை கூறவில்லை. கூறும் தகுதி நமக்கு இல்லை.

ஏனெனில், நேயர்களே, நாமும் ஒரு காலத்தில் ஓர் இடத்தை இழந்தவர்களே.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு நெஞ்சு நோய் கண்டு நான்கு மாதம் படுக்கையில் இருந்தோம். மத்ரஸாவில் நாம் நடத்திவந்த மேல் வகுப்பு இலக்கணப் பாடத்தை, நம்மிடமே ஓதிய ஓர் இளைஞர் ஏற்று நடத்தினார். தேறிச் சென்றபோது நிர்வாகத்தினரிடையே இதே தர்க்கம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டாக மாணவர் தேர்ச்சி குறைந்திருந்தது. மூத்தவரா, இளையவரா என்று மாலை நேரங்களில் விவாதித்தார்கள். இறுதியில் மேல் வகுப்பு இளையவருக்கும், முதலாண்டுப் பிள்ளைகளின் ஸர்ஃபுப் பாடம், அதாவது வினைச்சொல் வாய்பாடு, நமக்கும் என்று முடிவாயிற்று.

அதை நாம் அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டோம். வெளியே புன்னகை, உள்ளே புகைச்சல். அடுத்த மாதம் இளையவரின் தாயார் காலமாகி, அவர் பத்து நாள் ஊர் செல்ல நேர்ந்தது. மேல் வகுப்பை அதுவரை பார்த்துக்கொள்ளுமாறு நம்மைக் கேட்டார்கள். உடல்நிலையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டோம். உடல் நன்றாகவே இருந்தது. பல மாதமாகக் கிதாபைத் திறக்காததால் பாடம் நடத்தும் ஆயத்தம் இல்லை. ஆயத்தம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளும் மனமும் இல்லை. தேர்வு நெருங்கிய நேரத்தில் அவ்வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பத்து நாளை அவர்களுக்கு எவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

குயின்ஸிக் கடையில் தர்க்கித்த இருவரின் விருப்பத்தில் ஒருவருடையது அந்த வாரமே நிறைவேறிற்று. அக்டோபர் 13 அன்று இளைஞர் மே களமிறங்கினார். மாப்பிள்ளையுடன் அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். மூன்று முறை பந்தை எறிந்து கோட்டைத் தாண்டவைத்தார். முந்தைய ஆட்டங்களைவிட அதிகமாக 21 புள்ளிகள் கிடைத்தன. ஆனால் ஹூஸ்டன் அணி 41 எடுத்துவிட்டது! அடுத்த வாரம் லண்டனில் நடந்த ஆட்டத்தில் ஜாக்ஸன்வில் அணிக்கு 32. தலைவாசலுக்குப் புதுக் கதவு போட்டார்கள். கொல்லைப்புறம் திறந்தே கிடந்தது. தம் அணி மென்மையாகிவிட்டது என்று பயிற்சியாளர் ஜெரோட் மேயோவே பகிரங்கமாகக் கடிந்துகொண்டார்.

அப்போதுதான் நமக்கொன்று புலப்பட்டது. 'யார்' என்னும் வினா எளிது. அதற்கு ஒரு முகம் உண்டு, ஒரு பெயர் உண்டு. 'எங்கே ஓட்டை' என்னும் வினா கடினம். அதற்குப் பதினொரு பேரையும் ஒவ்வோர் அடியாகப் பார்க்க வேண்டும். ஆகவே மனிதர் முதல் வினாவிலேயே தங்கிவிடுகின்றனர். நம் மத்ரஸாவிலும் தேர்ச்சி குறைந்தது மேல் வகுப்பு ஆசிரியரால் அன்று. முதலாண்டில் வாய்பாடு நிலைக்காமல் வந்த பிள்ளைகளே மேலே தடுமாறினார்கள். சட்டியில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்! நிர்வாகத்தினர் நம்மை இறக்கிவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தோம். உண்மையில் ஓட்டை இருந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் அறிந்து செய்தார்களோ, அறியாமல் செய்தார்களோ. நாம் அந்த இடத்தைக் காக்கவில்லை.

அக்டோபர் 27 ஆட்டத்தையும் பார்த்தோம். எதிரணி நியூயார்க் ஜெட்ஸ். இரண்டாம் கால்பகுதியில் மேயின் தலையில் அடிபட்டு அவர் வெளியேறினார். ஓரத்திலிருந்து எழுந்தவர் பிரிஸ்ஸெட். மூன்று வாரத்துக்கு முன் எவர் பெயரைக் கேட்டாலே கடையில் உதட்டைப் பிதுக்கினார்களோ, அவரே. ஆட்டம் முடிய மூன்று நிமிடத்திற்கும் குறைவாக இருந்தபோது அணி 17-22 எனப் பின்தங்கியிருந்தது. பதறாமல், சிறு சிறு அடியாகப் பந்தை எதிர்க்கோடு வரை கொண்டு சேர்த்தார். அரை நிமிடங்கூட மீதமில்லாத வேளையில் அணி கோட்டைத் தாண்டிற்று. 25-22. ஆறு தோல்விகளுக்குப் பின் முதல் வெற்றி.

மாப்பிள்ளை துள்ளிக் குதித்தார். நாம் அசையாமல் அமர்ந்திருந்தோம். ஓரத்தில் உட்காரும் குவார்ட்டர்பேக்கும் வாரந்தோறும் எல்லாக் கூட்டத்திலும் அமர வேண்டும். எல்லா வியூகத்தையும் மனனம் செய்ய வேண்டும். பெரும்பாலும் அது அவருக்குப் பயன்படாமலே போகும் என்று மாப்பிள்ளை முன்பே சொல்லியிருந்தார். பயன்படாமல் போகக்கூடிய ஆயத்தத்தைச் செய்துகொண்டே இருப்பதற்கு எத்தனை பெரிய உள்ளம் வேண்டும்! பத்து நாள் பாடத்துக்கு இல்லாமற்போன அந்த உள்ளத்தை எண்ணி வெட்கினோம்.

அந்த வெற்றி அணியைக் கரை சேர்த்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2024 பருவம் நான்கு வெற்றி, பதின்மூன்று தோல்வியுடன் முடிந்தது. மேயோ பதவியிழந்தார். 2025 ஜனவரியில் அவரிடத்துக்கு வந்தவர் மைக் வ்ரேபல். கடைக்காரர் சொன்ன அந்த 2001 ஆம் ஆண்டுக் காப்புப் படையில் ஆடியவர் அவர். பிரிஸ்ஸெட் அரிசோனா அணிக்குப் போய்விட்டார். நல்லவன் செய்த நன்மைக்கு உடனே பலன் கிடைத்தது என்று கதை முடித்தால் கேட்க இனிமையாக இருக்கும். உலகம் அப்படி நடப்பதில்லை.

ஊர் திரும்பும் முன் மீண்டும் ஒருமுறை அக்கடைக்குச் சென்றோம். அன்றும் தர்க்கம், அடுத்த ஆட்டத்தில் யார் என்று! கடைக்காரர் நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

இப்போது நாம் முதலாண்டு வகுப்பிலேயே இருக்கிறோம். வாய்பாடு தவறும் பிள்ளையை அடுத்த பாடத்துக்கு விடுவதில்லை. இரவில் நம் வகுப்புக்குரிய முதாலஆவை, அதாவது மறுநாள் பாடத்துக்கான முன்வாசிப்பை முடித்தபின், மேல் வகுப்பின் பாடத்தையும் ஒருமுறை புரட்டி வைக்கிறோம். எவரும் கேட்டதில்லை, எவருக்கும் சொன்னதுமில்லை.

சென்ற மாதம் அந்த இளையவர் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், பிள்ளைக்குக் காய்ச்சல். நாளை ஒரு நாள் வகுப்பை..." என்று இழுத்தார். அவர் முகத்தில் பழைய மறுப்பின் நினைவு தெரிந்தது.

"பாடம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும், நீங்கள் போய்ப் பிள்ளையைப் பாருங்கள்" என்றோம்.