கர்ப்பிணிகளைக் காப்பாற்றிய ஈஸ்ட்

1928. இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்தார் டாக்டர் லூசி வில்ஸ். அங்கே ஜவுளி மில் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகள் பலர் ரத்தசோகையால் வெளுத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் பிரசவம் வரைகூடத் தாங்கவில்லை.

கிருமிதான் காரணமோ என்று தேடினார் லூசி. கிடைக்கவில்லை. அவர்களுடைய சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார். விடை அங்கே இருந்தது. கீரை, காய், பழம் எல்லாம் அரிது!

அதே ரத்தசோகை வந்த குரங்கு ஒன்று, ரொட்டியில் தடவும் மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டால் தேறியது. கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார். சில நாட்களிலேயே பசி திரும்பியது, ரத்தம் ஊறியது.

அதிலிருந்த மருந்து எது என்று அன்று யாருக்கும் தெரியாது. 1941-ல் பாலக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டார்கள். லத்தீனில் ‘ஃபோலியம்’ என்றால் இலை.

நம் செல்லுக்குள் இது துணை நொதியாக மாறி, சித்தாள் வேலை பார்க்கிறது. கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுப்பதுபோல, டி.என்.ஏ. கட்டுவதற்குக் கார்பன் அணுக்களை ஒவ்வொன்றாகச் சுமந்து தருகிறது. சித்தாள் வராவிட்டால் ரத்த செல்கள் பருக்கும்; பிரியாது.

கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் 28 நாட்களுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.